சுவர் மேல் நின்ற கெமுனிங்

இன்று காலை மழை விட்டதும் அந்த வாசம் வந்தது. மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்தபடி மேசையில் உட்கார்ந்திருந்தேன். வாசம் பின்முற்றத்திலிருந்து வருகிறதென்று முதலில் தோன்றவில்லை. நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு என் நாற்காலிக்குப் பின்னால் கடந்து போகிறாய் என்றுதான் நினைத்தேன். உடனே திரும்பவில்லை. திரும்பாதவரைக்கும் நீ அங்கே நின்றுகொண்டிருந்தாய். பேனாவிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்து பரவியது. அதைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் உன்னோடு இருந்தேன்.

பிறகு எழுந்து போய்ப் பார்த்தேன். சுவர் மேல் நம் கெமுனிங் மரம் பூத்திருந்தது. உனக்குத் தெரியும், அது நாளுக்கு இரண்டு மூன்று என்று பூக்கிற சாதி இல்லை. நன்றாகக் காய்ந்து கிடந்துவிட்டு ஒரு பெருமழையைக் குடித்தால், இலை தெரியாமல் மொத்தமாக வெளுத்துவிடும். கேள்வி கேட்டால் மாதக்கணக்கில் வாய் திறக்காத பிள்ளை ஒருத்தன் வகுப்பில் இருப்பான். ஒருநாள் எழுந்து நின்று, எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துகொள்வான். அப்படி.

நீ இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது நம் இருவருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நான் இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு, லீவு கிடைக்கும்போது கப்பலேறி யாழ்ப்பாணம் வந்துபோகிற மனிதன். நீ அங்கே என் தாய் தகப்பனைப் பார்த்துக்கொண்டு, மகளை வளர்த்துக்கொண்டு இருந்தாய். பெற்றவர்கள் போய், மகளையும் கட்டிக்கொடுத்த பிறகுதான் நாம் குடித்தனம் தொடங்கினோம். சிராங்கூன் ரோட்டுக்கு உள்ளே, மாட்டுக் கொட்டில்களுக்குக் கிட்ட இருந்த இந்தத் தாழ்ந்த ஓட்டு வீட்டில், நீ பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய். கெட்ட ஆளாகத் தெரியவில்லை, ஆனாலும் பெட்டியைக் காலடியிலேயே வைத்துக்கொள்வோம் என்கிற பார்வை.

நான் பள்ளிக்குப் போனபின் உன் பகல்கள் எப்படிக் கழிந்தன என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தால் நீ பின்முற்றத்தில் இருப்பாய். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் இடையில் இடுப்பளவுச் சுவர்; ஒரு மூலையில் ஆள் நுழைய வழி. அந்தப் பக்கம் சீனத் தச்சரின் பட்டறை. இழைப்புளி ஓடுகிற சத்தமும் மரத்தூள் வாசமும் நாள் முழுவதும் சுவர் தாண்டி வரும். அவருடைய முற்றத்தில் ஒரு மரமேடை. மேடையில், நாம் சோறு வடிக்கிற தட்டைவிடச் சற்றே பெரிய, ஆழமில்லாத மண் தட்டு. அந்தத் தட்டில் ஒரு முழு மரம்.

செடி என்று சொன்னால் நீ விடமாட்டாய். அது மரம்தான். மழையில் நின்று வெயிலில் நின்று கிழடு தட்டிய அடிமரம், பாறையைப் பிடிப்பதுபோல மண்ணைப் பிடித்திருக்கும் வேர், ஒரு பக்கமாக நீண்டு தாழ்ந்து வரும் கிளை. எல்லாம் ஒரு முழ உயரத்துக்குள். தூரத்துக் குன்றொன்றின் மேல் நிற்கிற பெரிய மரத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்தால் எப்படியோ, கண்ணை இடுக்காமலே அது அப்படித் தெரியும். இலையைக் கசக்கினால் கறிவேப்பிலைக்கு உறவென்று மூக்கு சொல்லும். மலாய்க்காரர் கெமுனிங் என்பார்கள். தச்சரின் ஊரில் அதற்கு 'ஒன்பது கல் வாசம்' என்று பெயராம்; ஒன்பது கல் தூரத்துக்கு வீசுமாம். இதை நான் உனக்குச் சொன்னபோது, "ஒன்பது கல்லோ? எங்கடை வீட்டுக்கு வந்தாலே காணும்," என்றாய். இந்த ஊருக்கு வந்தபின் நீ சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

தச்சர் சீனாவில் கன்டன் பக்கத்து ஆள். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேரும் கடைத்தெரு மலாயில் பேசிக்கொள்வோம். என்னைக் 'குரு' என்று கூப்பிடுவார். மலாயில் வாத்தியாருக்கு அதுதான் சொல். அவர் சுவருக்கு அப்பாலிருந்து "குரு, ஓ குரு" என்று கூப்பிடும்போதெல்லாம் நீ அடுப்படியில் முணுமுணுப்பாய்.

"குருவாம் குரு. ஒரு தேத்தண்ணி வைக்கத் தெரியாத குரு."

ஒருநாள் அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ஊரில் தாய்க்கு நோவு, போகவேண்டும், திரும்பி வர அடுத்த வருஷ மழைக்காலம் ஆகும் என்றார். பட்டறையைத் தம்பி பார்த்துக்கொள்வாராம். பிறகு மேடைக்குப் போய் அந்தத் தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் உன்னிடம் நீட்டினார்.

"காலையில் எல்லாம் இந்த அம்மா இதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தம்பிக்கு மரம் என்றால் பலகை. இவரிடம் இருக்கட்டும்," என்று மலாயில் சொன்னார். பிறகு விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்: தண்ணீர் 'சீகிட்', கொஞ்சமாக. காலை வெயில் போதும். நீளுகிற துளிரை வெட்டவேண்டும். கடைசியாக, வாய்க்குள் சோறு ஊட்டுவதுபோலக் கையைக் காட்டி, 'ஜாங்கான்' என்றார். கூடாது. தான் வரும்வரை எரு போடவேண்டாமாம்.

நான் மொழிபெயர்த்தேன். நீ தலையாட்டினாய். கைகள் தட்டை இறுகப் பிடித்திருந்தன. அவர் போனதும், "அந்த மனிசன் திரும்பி வரேக்கை இது உயிரோடை நிக்கவேணும். சொல்லிப்போட்டன்," என்றாய், ஏதோ நான்தான் அதைக் கொல்லப் போகிறவன்போல.

அன்றிலிருந்து நம் வீட்டில் பேச்சு வந்தது. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அதற்கு முன் சாப்பாடு, உடுப்பு, கடிதம் என்று மூன்று விஷயம்தான் நமக்குள் இருந்தது. மரம் வந்தபின், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நீ தொடங்கிவிடுவாய். இன்றைக்கு ஒரு துளிர் வந்தது. ஒரு புழு இருந்தது, எடுத்துவிட்டேன். தண்ணீர் ஊற்றும் முன் விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பாய். விரல் நுனியில் மண் ஒட்டாவிட்டால்தான் தண்ணீர். நெற்றி தொட்டுக் காய்ச்சல் பார்க்கிற விரல் அது.

ஆனால் அந்தத் தட்டு உன் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

"இஞ்சருங்கோ, ஒரு தட்டு மண்ணிலை ஒரு சீவன் எப்பிடிச் சீவிக்கும்? இதுக்குப் பசிக்குதப்பா."

"அவர் வேண்டாமென்று சொன்னாரல்லவா?"

"அவர் ஆம்பிளை. வந்து நிக்கிற பிள்ளைக்கு ஒண்டும் குடுக்காமல் பாத்துக்கொண்டிருக்கச் சொல்லுறியளோ?"

நமக்குப் பால் ஊற்றுகிறவர் தஞ்சாவூர்ப் பக்கம். நாலு மாடு வைத்திருந்தார். அவரிடம் நீ கேட்டாய். மாட்டுக்காரரிடம் எருவைப் பற்றிக் கேட்டால் வேறென்ன சொல்வார்?

"நம்ம மாட்டுச் சாணி இருக்கும்மா. பச்சையாவே கரைச்சு ஊத்துங்க. ஜம்முனு எந்திரிச்சு நிக்கும் பாருங்க."

ஜம்மென்றுதான் நின்றது. சாணிக் கரைசலும் அரிசி கழுவிய தண்ணீரும் உள்ளே போகப் போக, அடங்கி நின்ற மரம் திசைக்கு ஒன்றாகக் கையை நீட்டியது. பளபளவென்று பெரிய பெரிய இலைகள். அவற்றை வெட்ட உனக்கு மனம் வரவில்லை. "எவ்வளவு வடிவாய் வளருது," என்று என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். எனக்கும் அது வடிவாகத்தான் இருந்தது. நமக்குப் பார்க்கத் தெரிந்தது அவ்வளவுதான். பிள்ளை கொழுத்தால் சுகம் என்று நம்புகிற ஊர்க்காரர் நாம்.

பிறகு இலைகள் ஓரத்தில் கருகின. மஞ்சளாகின. ஒரு காலை நீ கூப்பிட்ட குரல் கேட்டு ஓடி வந்தேன். மரத்தின் கீழே மண் தெரியாமல் இலை உதிர்ந்து கிடந்தது. அந்த நீண்ட கிளை, தச்சர் எத்தனையோ வருஷம் வெட்டி வெட்டி வழிக்குக் கொண்டுவந்த தாழ்ந்த கிளை, சுள்ளியாக நின்றது.

நீ அழவில்லை. நகத்தால் அந்தக் கிளையின் பட்டையை மெல்லச் சுரண்டினாய். உள்ளே பழுப்பு. சற்றுத் தள்ளிச் சுரண்டினாய். பழுப்பு. அடிமரத்துக்கு விரல் வந்தபோது நின்றுவிட்டாய். "நீங்கள் பாருங்கோ," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் சுரண்டினேன். நகக்கண் அளவுக்குப் பச்சை தெரிந்தது. ஈரமான, வெளிர்ப் பச்சை. மெல்லத் திரும்பி, நீயே கண்டுகொண்டாய். என் கையைப் பிடித்தாய். கலியாணத்துக்குப் பிறகு நீயாக என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பால்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் முகம் சரியில்லை. ஆறுதலாக ஒரு வழி சொன்னார்.

"வாத்தியாரய்யா, கெமுனிங்கு வேலிக்கு வேலி நிக்குது. ஒண்ணை வெட்டியாந்து தட்டுல வச்சிட்டா சீனருக்கு என்னா தெரியப் போவுது லா?"

நீ நிமிர்ந்து பார்த்தாய். "உங்கடை மாட்டை ஆரும் மாத்திக் கட்டிப்போட்டால் உங்களுக்குத் தெரியாதோ?"

"அதெப்படிம்மா தெரியாமப் போவும்? அது மூஞ்சியே வேறயில்ல," என்றவர், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கனவில் பார்த்ததுபோல இருக்கிறது. நீ மரத்தைத் தட்டோடு மழைத் தண்ணீரில் இறக்கி, சாணி மண்ணைக் கைவிரலாலே கழுவிவிட்டாய். குழந்தைக்குத் தலை அலசுவதுபோல, ஒரு கையால் தாங்கி ஒரு கையால் அலசினாய். கறுத்து அழுகியிருந்த வேர்களைக் கத்தரித்தாய். ஆற்று மணலும் இடித்த செங்கல்லும் பழைய தோட்டத்து மண்ணும் கலந்து, அதே தட்டில் மறுபடி உட்கார்த்தினாய். காற்று அசைக்காமல் கயிற்றால் கட்டினாய். காய்ந்த கிளையை நீயே அறுத்தாய், என்னை விடவில்லை. பிறகு கூரை நிழலில் வைத்து, வாயில் தண்ணீர் எடுத்துத் தூவி, காத்திருந்தாய். எருவும் இல்லை, தொடுவதும் இல்லை. சும்மா இருப்பதுதான் உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது. பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பிள்ளை தானாகக் கணக்கைப் போட்டு முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் வாத்தியார் வேலையிலேயே கடினமானது. அந்த வேலையை நீ அன்று செய்தாய்.

நாம் இருவரும் முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருப்போம். மாடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பும். ரிக்ஷாக்காரர் யாரோ தூரத்தில் பாடிக்கொண்டு போவார். புகையும் ஈரமுமாக ஆகாயம் கீழே இறங்கி வரும். நீ உன் சிறுவயதுக் கதைகளைச் சொல்வாய். இத்தனை வருஷம் என் மனைவியாக இருந்தவள் யார் என்று நான் அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். மரம் மொட்டையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

துளிர் வந்தது. அரிசி முனையளவு. அடுத்த வறட்சியில் நீ நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு தண்ணீரைக் குறைத்தாய். மழை வந்ததும் பூத்தது. கிளை போன பக்கம் வெறுமையாகக் கிடந்தாலும் மறுபக்கம் வெள்ளைக் குடை விரித்ததுபோல. ஒரு பூவைக்கூடப் பறிக்கவில்லை நீ. உதிர்ந்ததை மட்டும் பொறுக்கிச் சாமி படத்துக்கு வைத்தாய். பூ கொட்டி, பச்சை மணியாகக் காய் பிடித்தபோது பெரும்பாலானவற்றைக் கிள்ளிவிட்டாய். "வருத்தக்காரி. நோயிலை கிடந்து எழும்பினவள் எத்தினையைத்தான் சுமப்பாள்?" என்றாய். விட்டுவைத்த சில காய்கள் சிவந்து வந்த நேரத்தில், தச்சர் திரும்பி வந்தார்.

இளைத்திருந்தார். தாயை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். நமக்கு ஒரு சாடி ஊறுபோட்ட பிளம்ஸ் கொண்டுவந்தார். அதை வாங்கி வைக்கக்கூட உனக்குப் பொறுமை இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாய். வெட்டுப்பட்ட பக்கத்தை அவர் முகத்துக்கு நேராக வைத்தாய். நான் சமாளித்துச் சொல்ல ஏதோ தொடங்கினேன். நீ என்னைப் பேச விடவில்லை.

"நான்தான். எரு போடவேண்டாமெண்டு நீங்கள் சொல்லிப்போட்டுப் போனியள். பசிக்குதெண்டு நினைச்சுப் போட்டன். அந்தக் கொப்பு செத்துப்போச்சு." என்னைப் பார்த்தாய். "உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் வெகுநேரம் அந்த வெட்டுவாயைப் பார்த்தார். அதைக் கட்டைவிரலால் தடவினார். உன் முகம் வெளுத்திருந்தது. பிறகு அவர் வாய்க்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார். தன் அம்மாவும் இப்படித்தான், ஊட்டி ஊட்டியே கொல்லப் பார்ப்பாள் என்றார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் மேடையில் வைக்கவில்லை. நமக்கு இடையிலுள்ள சுவரின் மேல் வைத்தார். கொஞ்சம் திருப்பினார். எட்ட நின்று பார்த்தார். இன்னும் திருப்பினார். பூத்துக் காய்த்த முழுப் பக்கம் நம் வீட்டைப் பார்த்தது. வெட்டுப்பட்ட பக்கம் அவருடைய பட்டறையைப் பார்த்தது.

"இந்தப் பக்கம் அம்மா பார்க்கட்டும். அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். காயம் இருக்கிற இடத்தில்தானே தச்சனுக்கு வேலை," என்றார்.

அன்றிலிருந்து மரம் அங்கேதான் நின்றது. தண்ணீர் உன் பொறுப்பு, கத்தரி அவர் பொறுப்பு. அவர் நேரம் கிடைக்கும்போதெல்லாம் சிற்றுளியால் அந்தக் காய்ந்த கட்டையைச் செதுக்கி, இடி விழுந்து பிழைத்த பழைய மரம்போல ஆக்கினார். சாலையில் டிராம் வந்தது, பழைய கொட்டில்கள் சில போயின, எனக்கு மூக்குக்கண்ணாடி வந்தது. ஒவ்வொரு மழைக்கும் நம் பக்கம் வெள்ளையாக நின்றது. நான் மறுபக்கம் போய்ப் பார்த்ததே இல்லை. போகவேண்டிய தேவை என்ன என்று இருந்துவிட்டேன்.

உன் கடைசி வருஷத்தில் நான் இன்னும் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். உனக்கு லேசான இருமல் இருந்தது எனக்குத் தெரியும். "பக்கத்து வீட்டு மரத்தூள்," என்பாய். மாலையில் நான் வரும்போது நீ தலை சீவி, திருநீறு பூசி, வாசலில் நிற்பாய். "இண்டைக்குப் பெடியள் என்ன குழப்படி?" என்று கேட்பாய். நான் அளப்பேன். நீ சிரிப்பாய். கொஞ்சம் மெலிந்துவிட்டாய் என்று சொன்னால், "வயது போகுதப்பா, மெலியாமல் என்ன செய்யும்?" என்பாய். படுக்கையில் விழுந்த பிறகு நீ அதிக நாள் இருக்கவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போன பிறகு, தச்சர் என்னைச் சுவருக்கு அந்தப் பக்கம் வரச்சொன்னார். மரத்தின் வெட்டுப்பட்ட பக்கத்தில், சுவரோரமாக ஒரு முக்காலி கிடந்தது. சாய்ந்து உட்கார வசதியாக அதற்கு முதுகுப் பலகை வைத்துத் தைத்திருந்தார்.

"அம்மாவுக்காகச் செய்தது. நீங்கள் பள்ளிக்குப் போனதும் இங்கே வந்துவிடுவார். இருமும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் அல்லவா? உங்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். 'ஜாங்கான்' என்றார், குரு. அந்த ஒரு சொல்லை அவர் நன்றாகப் படித்து வைத்திருந்தார்."

நான் அந்த முக்காலியில் உட்கார்ந்தேன். பூவே இல்லாத, செதுக்கி வைத்த, சாம்பல் நிறக் கட்டை கண்மட்டத்தில் பக்கவாட்டில் இருந்தது. பட்டறை பின்முற்றத்திலிருந்து முன்வாசல் வரை ஒரே நேர். கதவு நாள் முழுவதும் திறந்திருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால், பெரிய சாலையிலிருந்து நம் தெருவுக்குள் ஆட்கள் திரும்புகிற முனை தெளிவாகத் தெரிந்தது. கையில் குடையும் புத்தகமுமாக நான் அங்கே திரும்புவதை நீ இங்கிருந்து பார்த்திருப்பாய். பார்த்ததும் எழுந்திருப்பாய்.

இப்போது எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கடைக்கும் கோயிலுக்கும் போய்வருவதோடு சரி. காலும் கண்ணும் பரவாயில்லை. பென்ஷன்காரனுக்கு இது போதும். ஆனால் திரும்பி வரும்போது, சாலையிலிருந்து நம் தெருவுக்குள் திரும்புகிற அந்த முனையில், என் நடை தானாகவே மெதுவாகிவிடுகிறது. குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொள்கிறேன். தெரிந்தவர் யாராவது இருந்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறேன். நீ எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நம் பக்கம் வந்து, முகத்தைக் கழுவித் தலையைச் சீவிக்கொள்ள நேரம் வேண்டுமே.